மானிட்டர் ஆறும் வரை

காலையில் கடையைத் திறந்து மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். வெண்கலத் தட்டைத் துணியால் பொத்திக்கொண்டு யாரோ ஒரு தட்டுத் தட்டிய மாதிரி. பிறகு சில நொடி இருட்டு. அதன் பின்னால் படம் மெல்ல ஏறி வந்து நிற்கும். அந்தச் சத்தம் எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது கேட்டால்தான் என் நாள் தொடங்கியதாகத் தோன்றும்.

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில், நமச்சிவாயம் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் என் கடை. கோமதி கணிப்பொறி அச்சுக்கோப்பகம். கோமதி என் அம்மாவின் பெயர். கோயில் கொடை நோட்டீஸ், கருமாதி அழைப்பு, பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் கறுப்பு வெள்ளைத் திரையில் அடித்து அடித்தே ஆறு வருடம் போயிற்று. நான் தேர்ந்தெடுத்த நிறம் என்று ஒன்று அதுவரை ஊரில் எங்கேயும் ஒட்டப்பட்டதில்லை. அதற்காகத்தான் ஆனி மாதம் பிடிவாதமாக மதுரைக்குப் போய்ப் டி.வி. பெட்டி போலக் கனத்த பதினாலு அங்குலக் கலர் மானிட்டர் வாங்கி வந்தேன். முதல் கலர் வேலையும் வந்தது. கல்லிடைக்குறிச்சி பிரம்மநாயகி அக்காவின் அப்பளத்துக்குப் பாக்கெட் அட்டை.

அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "வியாழக்கெழமை சாயங்காலம் வாரேன். படம் மனசுக்குப் பிடிச்சா வெள்ளிக்கெழமை அத எடுத்துக்கிட்டு சிவகாசி போவேன். பிடிக்கலன்னா வெறுங்கையோட போவேன். அங்கன எவனாவது போட்டுக் குடுப்பான்."

அந்த வியாழக்கிழமையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று. சொல்ல வேண்டியது சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வாயில் வராது. எதிரில் இருப்பவர் பேசி முடித்துப் படியிறங்கிப் போய், நான் வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் வரும். அரிசிப் பானைக்கு முன்னால் நான் எத்தனையோ பேரிடம் அருமையாகப் பேசியிருக்கிறேன். பதில் சொல்ல ஆளில்லாத பேச்சு. அதில் ஒரு சுகமும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் அண்ணாச்சி மாடியேறி வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா ராஜி, தெக்க பாத்து உக்காந்து தொழில் பண்ணுதியே, வெளங்குமா?"

"இல்ல அண்ணாச்சி, இங்கன இருந்தாத்தான் வெயில்..."

அதற்குள் மானிட்டரின் இரண்டு பக்கமும் அவர் கை போய்விட்டது.

"ஓடிக்கிட்டிருக்கு அண்ணாச்சி!"

"ஓடட்டும். நான் என்ன நிறுத்தவா சொல்லுதேன்? திருப்பத்தான செய்யுதேன்."

பெரிய தவலையைத் திருப்பி வைக்கிற பழக்கம் அவருக்கு. மேஜையோடு சேர்த்து நகர்த்தி, திரை மேற்கே பார்க்க, நான் கிழக்கே பார்த்து உட்காரும்படி வைத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த கோயில் சந்தனத்தில் ஒரு பொட்டு எடுத்து மானிட்டரின் நெற்றியில் வைத்தார். "இனி பாரு. படி வரைக்கும் ஆளு நிப்பான்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

நான் மேற்கு ஜன்னலில் பத்தமடைப் பாய் ஒன்றைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்தேன். திரையைப் பார்த்தேன். என் அட்டையில் சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது. நடுவில் அடுக்கி வைத்த அப்பளங்கள் இருந்தன. அந்த அப்பளங்களின் ஓரத்தில் பச்சையும் நீலமுமாக, காலையில் இல்லாத ஒரு படலம்.

கீழே இருக்கிற திருகுகளை எல்லாம் திருகினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினேன். அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்றது. அவ்வளவுதான். பழைய இடத்துக்கே திருப்பிப் பார்த்தேன். பச்சை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனது. அண்ணாச்சி மறுபடி வந்து பார்த்தால் வருத்தப்படுவாரே என்று, நம்புங்கள், மேற்கே பார்க்கவே திருப்பி வைத்தேன். என் பொருள், என் மேஜை, என் வேலை. ஆனாலும் அவருடைய வருத்தம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் கணத்தில் என்மீதே எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு.

சாயங்காலம் வரவேண்டிய அக்கா மூன்றரைக்கே வந்தாள். ஐம்பது வயது, அகலமான நெற்றி, கையில் துணிப்பை, உடம்பெல்லாம் உளுந்து மாவு வாசம். நேரே திரைக்கு முன் வந்து நின்றாள்.

"என்னளா இது? என் அப்பளம் பூசணம் பூத்துக் கெடக்கு?"

போன ஐப்பசி மழையில் அவள் அனுப்பிய சரக்கில் ஒரு பெட்டி நிஜமாகவே பூசணம் பிடித்து, தென்காசிக் கடையிலிருந்து திரும்பி வந்திருந்தது. அது அவளுக்கு ஆறாத புண்.

"இத அட்டையில போட்டு ஊரு பூரா ஒட்டச் சொல்லுதியோ?"

நான் வாயைத் திறந்தேன். "மானிட்டர்ல..." என்றேன். மின்விசிறி நின்றது. கரண்ட் போயிற்று.

யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி பலவீனம். ஐந்து நிமிடம் தாங்கும். படத்தைச் சேமித்து எல்லாவற்றையும் அணைத்தேன். வெளிச்சத்துக்காகப் பாயைச் சுருட்டினேன். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அங்கன நிக்கிறது உன் வீட்டுக்காரர்லா?"

தெருமுனையில் ஏணி. ஏணிமேல் ஒருவர் வேப்பங்கொப்பை வெட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று அண்ணாந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டரான குமரகுருபரன். என் கணவர்.

"அவியதான்" என்றேன்.

"கட்டுன பொண்டாட்டி கடைக்கே கரண்ட நிறுத்துதாரு. நல்ல மனுசன்."

நான் ஜன்னலில் இருந்து கத்தினேன். "எப்ப வரும்?"

"கொப்பு கம்பியில உரசுதுட்டி! முக்கா மணி நேரமாவது ஆகும்!"

"கடைக்கு ஆள் வந்திருக்காவ!"

"இருக்கச் சொல்லு! காத்தாட இருக்கட்டும்!"

தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். சாய்ந்து நிற்க ஏதாவது வேண்டியிருந்தது. மானிட்டரின் தலையில் கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். அந்தச் சூட்டிலிருந்துதான் யோசனை வந்தது. 'டொய்ங்' சத்தம் காலையில் மட்டும்தானே வருகிறது? மத்தியானம் எத்தனை தடவை அணைத்துப் போட்டும் வரவில்லையே. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டுத் திங்கள்கிழமை போட்டால் நன்றாகக் கேட்கிறது. இன்னொன்றும் நினைவு வந்தது. வாங்கி வந்த அன்று, ஓட ஓடவே இதை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் மூலையில் ஊதாவாக ஒரு நிழல் இருந்தது. மறுநாள் காலையில் இல்லை. கண் அசதி என்று விட்டுவிட்டேன்.

ஓடும்போது திருப்பினால் நிறம் கலங்குகிறது. ஆறியிருந்தால்தான் சத்தம் வருகிறது. சத்தம் வந்தால் நிறம் தெளிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஏன் என்று தெரியாது. இல்லாமலும் போகலாம்.

"அக்கா" என்றேன். "உங்க அப்பளத்துல குத்தம் இல்ல. என் படத்துலயும் இல்ல. இந்தப் பெட்டி சூடாகிக் கெடக்கு. ஆற விட்டாச் சரியாயிரும்."

"தெரிஞ்சு சொல்லுதியா, நெனச்சுச் சொல்லுதியா?"

"நெனச்சுத்தான்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். "போட்டும். பொய் சொல்லாம சொன்னியே." நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். சொன்ன வார்த்தை தைரியமான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்க வேண்டியவள் எதிரில் இருக்கும்போதே அது வந்துவிட்டது.

அக்கா துணிப்பையிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்தாள். "அப்பளம் வெள்ளன்னு எல்லாவனும் நெனைக்கான். நீயும் வெள்ளையாத்தான் போட்டிருக்க. இங்க பாரு." ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மேற்கே மலைக்கு மேல் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அந்த வெளிச்சம் அப்பளத்துக்குள் நுழைந்து, அது ஒரு சிறு நிலா மாதிரி ஆயிற்று. வெள்ளை இல்லை, மஞ்சளும் இல்லை. உள்ளே சீரகம் புள்ளி புள்ளியாக நின்றது. நான் அதை வாங்கி என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அதன் வழியாகத் தெரு தெரிந்தது, ஏணி தெரிந்தது, கலங்கலாக என் கணவர் தெரிந்தார். நிறத்துக்காக மதுரை வரை போனேனே, இதை இத்தனை நாள் எண்ணெயில் போட்டுப் பொரித்துக்கொண்டல்லவா இருந்தேன் என்று நினைத்ததும் மனசுக்குள் என்னவோ குதித்தது.

அப்போது தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது.

படிகளில் திடுதிடுவென்று காலடிச் சத்தம். குமரகுருபரன், தலையில் இரண்டு வேப்பிலையோடு. "பாத்தியா! உனக்காகக் கால் மணி நேரத்துல முடிச்சாச்சு!"

"ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

பின்னாலேயே அண்ணாச்சியும் வந்துவிட்டார். "கரண்ட்டுதான் வந்தாச்சே, போடும்மா. திருப்பி வச்ச ராசியப் பாப்போம்."

"போடுட்டி" என்றார் குமரகுருபரன்.

"நாலேகாலுக்கு எனக்குப் பஸ்ஸு" என்றாள் அக்கா.

மூன்று பேரும் பொத்தானைப் பார்த்தார்கள். என் விரலும் பழக்கத்தில் அதன் பக்கம் போயிற்று. இன்னொரு கையால் மானிட்டரின் தலையைத் தொட்டேன். சூடு இறங்கவில்லை. இப்போது போட்டால் மறுபடி 'டொக்', மறுபடி பூசணம். அக்கா எழுந்து போய்விடுவாள். நான் அரிசி களையப் போவேன்.

"இப்பப் போட மாட்டேன்" என்றேன்.

"ஏன், அதுக்கென்ன காய்ச்சலா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. இன்னும் அரை மணி நேரம் ஆறணும்."

"பஸ்ஸு..." என்றாள் அக்கா.

"விட்டுருங்க அக்கா. அடுத்த பஸ்ஸுல போலாம்."

சொல்லிவிட்டு நானே திகைத்து நின்றேன். யாரும் விழவில்லை, கூரை இடியவில்லை. அக்கா பையைக் கீழே வைத்தாள். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். குமரகுருபரன் மட்டும் நின்றபடி என்னையே பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த செய்தித்தாளை மடித்து மானிட்டருக்கு வீசத் தொடங்கினார்.

"எட்டு ஊருக்குக் கரண்ட் குடுக்குதவன் இங்கன வந்து விசிறி வீசுதேன். யாருகிட்டயும் சொல்லிராதிய அக்கா."

"கல்லிடைக்குறிச்சி போய்ச் சேரட்டும், மொத வேலையே அதான்" என்றாள் அக்கா.

கீழேயிருந்து டீ வந்தது. அண்ணாச்சி திசைகளைப் பற்றிப் பேசினார். நான் நடுநடுவே எழுந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல மானிட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் அது அடுப்பிலிருந்து இறக்கி வெகுநேரமான பாத்திரம் மாதிரி ஆயிற்று. பாயை மறுபடி இறக்கிவிட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

'டொய்ங்!'

அண்ணாச்சி ஸ்டூலோடு பின்னால் போனார். சில நொடி இருட்டு. படம் ஏறி வந்தது. அட்டையைத் திறந்தேன். சிவப்பு சிவப்பாக இருந்தது. மஞ்சள் மஞ்சளாக இருந்தது. அப்பளங்கள் ஓரம் வரை சுத்தமாக, வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன.

"இருங்க" என்று சொல்லி, கையிலிருந்த அப்பளத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிறத்தை மாற்றினேன். வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மஞ்சளைப் பட்டும் படாமலும் ஏற்றினேன். ஓர் இடத்தில் திரையில் இருந்த அப்பளமும் கையில் இருந்த அப்பளமும் ஒன்றாயின. அங்கேயே நிறுத்தினேன்.

அக்கா கிட்டே வந்து விரலால் திரையைத் தொட்டாள். சடசடவென்றது, கையை உதறிக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சீரகம் கொறச்சலா இருக்கு" என்றாள். "பிரம்மநாயகி கஞ்சம்னு பேராயிரும். நெறையாப் போடு."

போட்டேன். அவள் "இன்னும், இன்னும்" என்றாள். அவள் போதும் என்ற இடத்தில் நான் இன்னும் இரண்டு போட்டேன். படத்தைப் பிளாப்பித் தகட்டில் ஏற்றிக் கொடுத்ததும் முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சிவகாசிக்காரன் நெறத்த மாத்தினான்னா இந்த அப்பளத்தக் காட்டி மல்லுக்கு நிப்பேன்" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

"நான் சொன்னேம்லா, தெசைய மாத்தினா எல்லாம் மாறும்னு?" என்றார் அண்ணாச்சி.

"கரண்ட்டு குடுத்தது யாரு வே?" என்றார் என் கணவர்.

"கரண்ட்ட எடுத்ததும் நீருதான வே?"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கினார்கள். நான் கடைக்குள் தனியாக நின்று சிரித்தேன். இந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் வேறு வீடு எதுவும் இல்லை.

மறுநாள் காலை, பொத்தானைத் தொடுவதற்கு முன்பே மேஜையை இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன். குளிர்ந்து கிடந்த மானிட்டரைத் தூக்கி என் பழைய திசைக்கே திருப்பி வைத்தேன். படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி வாசலில் நின்றார்.

"ஏம்மா, திரும்பவும் தெக்கயா?"

"ஆமா அண்ணாச்சி. அங்கன வச்சா மேக்கு ஜன்னல் வெயில் கண்ணாடியில அடிச்சுக் கண்ணு கூசுது. எனக்கு இங்கனதான் வசதியா இருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அத நேத்தே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். திரும்பப் போனவர் படியில் நின்று, "சந்தனத்த மட்டும் அழிச்சிராத" என்றார்.

அழிக்கவில்லை. நெற்றிப் பொட்டோடு அது தெற்குச் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. நான் பொத்தானை அழுத்திவிட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.