பதினாறாவது சுற்று

நெதர்லாந்தின் ஹேரன்வேன் பனிச்சறுக்கு அரங்கின் உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பயிற்சியாளர் லாமர்ட் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வீப்ரன், இன்னிக்கு நம்ம அணிச் சின்னப் பையன் டைகோதான் உனக்கு ஜோடி. தங்கம் அவனுக்குத்தான். பதினஞ்சு சுத்து வரைக்கும் நீ முன்னால போய் காத்தை வாங்கிக்கோ. அவன் காத்துப் படாம உன் முதுகுக்குப் பின்னால வரட்டும், தெம்பு மிஞ்சும். அப்புறம் விலகிடு."

"விலகிடுன்னா?"

"முதுகு பிடிச்சிக்கிச்சுன்னு சொல்லு. முப்பத்திநாலு வயசு, எவனும் சந்தேகப்பட மாட்டான். அடுத்த வருஷமும் அணியில இருக்கணும்ல?"

வீப்ரன் ஸ்கேட் காலணியின் கயிற்றை இறுக்கினான். பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று; இருவர் இருவராக ஓடுவார்கள், எல்லோரிலும் குறைந்த நேரம் எடுப்பவனுக்குத் தங்கம். பதினான்கு வருடத்தில் ஒரு பந்தயத்தையும் அவன் பாதியில் விட்டதில்லை. ஒருமுறை முழங்கை உடைந்தும், முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனான்.

துப்பாக்கி வெடித்தது. சொன்னபடியே முன்னால் போனான். உள்தடமும் வெளித்தடமும் மாறிக்கொள்ளும் இடங்களில் எல்லாம் டைகோ அவனுக்குப் பின்னால் பதுங்கி வந்தான். பதினைந்தாவது சுற்று முடிந்ததும், பனியோரம் நின்ற லாமர்ட் கையை வெளிப்பக்கம் வீசினார்.

வீப்ரன் தலையைத் தாழ்த்திக்கொண்டு வேகத்தைக் கூட்டினான்.

"போதும், வெளிய வாடா!"

அடுத்த சுற்றில், "செவிடா நீ?"

ஆரஞ்சுச் சட்டை போட்ட நெதர்லாந்து ரசிகர் கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. ஆனால் கிழவன் அடங்க மறுக்கிறான் என்பது புரிந்து எழுந்து நின்றது. வீப்ரனின் தொடைகள் தீயாய் எரிந்தன. கடைசித் தடமாற்றத்தில் இருவரும் ஏறக்குறைய சேர்ந்தே வந்தார்கள். விதிப்படி, வெளித்தடத்திலிருந்து வரும் டைகோவுக்கு வீப்ரன்தான் வழிவிட வேண்டும். இடைஞ்சல் செய்தால் வீப்ரனைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஒரு கணம் நிமிர்ந்து வேகத்தைக் குறைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். அவன் நிமிரவில்லை. காலால் நாலே உந்தலில் இரண்டு மீட்டர் முந்தி, டைகோவின் பாதையை உரசாமல் கடந்தான்.

அரை நொடி வித்தியாசத்தில் டைகோவை வென்றான். கடைசி ஜோடியில் வந்த நார்வேக்காரன் இருவரின் நேரத்தையும் முந்தியதால் வீப்ரனுக்கு வெள்ளி.

"பாதியில நிப்பீங்கன்னு சொன்னாங்களே, பெரிசு!" என்றான் டைகோ மூச்சு வாங்க.

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. உனக்குத் தங்கம் வேணும்னா நீயே காத்தைக் கிழி."

டைகோ தன் காலணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

தொலைக்காட்சிக்காரி ஒலிவாங்கியை நீட்டினாள். லாமர்ட் பக்கத்திலேயே நின்று பல்லைக் கடித்தார். வீப்ரன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

திங்கட்கிழமை அணியிலிருந்து நீக்கினார்கள். செவ்வாய்க்கிழமை, எந்த விளம்பர நிறுவனத்தின் பெயரும் இல்லாத கறுப்பு உடையில், பொதுமக்களுக்கான நேரத்தில் அதே அரங்கின் பனியில் இறங்கினான். தட்டுத்தடுமாறிய பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டு அன்று நாற்பது சுற்று போனான்.