இரண்டு தேதிகளுக்கு நடுவே

"அஞ்சலி போர்டு அடிக்கக் குடுக்கணும் மைனி. நாசர் அனுப்பியிருக்கான். பேரு, தேதியெல்லாம் சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்று சண்முகநாதன் செல்போனை உமா மகேஸ்வரியின் முகத்துக்கு நேரே நீட்டினான். கொழுந்தன் சிவகிரி ஸ்டேஷனில் ஏட்டு. அதட்டிப் பழகிய குரல் இன்று வெளியே வரவே சிரமப்பட்டது.

அவள் ஐஸ் பெட்டியை ஒட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். பெட்டிக்குள் அவள் கணவர் லிங்கேஸ்வரன். குற்றால சீசன் ஞாயிறுகளில் விடிவதற்குள் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது அவர் வழக்கம். இன்றும் சிநேகிதன் நாசரோடு போய்க் குளித்துவிட்டு வந்தார். பைக்கை விட்டு இறங்கியதும், நெஞ்சை என்னவோ பண்ணுது என்று தன் கடைப் படியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் ஸ்வாதி பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து வந்து, அழுது ஓய்ந்து, அவள் மடியில் கிடந்தாள். உமாவுக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு ஏன் கண்ணீர் வரவில்லை என்று பக்கத்தில் இருந்த பெண்கள் குசுகுசுத்தது காதில் விழத்தான் செய்தது. யார் வீட்டையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பது போல இருந்தது.

செல்போனைப் பார்த்தாள். வீட்டின் முன்னறையில் இருபத்திரண்டு வருஷமாக இருவரும் டி.டி.பி. கடை நடத்துகிறார்கள். அவர் டிசைன் செய்வார், அவள் டைப் அடிப்பாள். தென்காசியில் பாதிப் பேருடைய கண்ணீர் அஞ்சலி அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. அதனால் கண் அதுபாட்டுக்குப் பிழை தேடியது. பெயர் சரி. ஊர் சரி. தோற்றம் 14.05.1972, மறைவு 06.07.2025. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு.

அந்தக் கோடுதான் அவருக்கு ஆகாது. பிறந்த தேதிக்கும் செத்த தேதிக்கும் நடுவில் கோட்டைப் போட்டால் கழித்தல் கணக்கு மாதிரி இருக்கு என்பார். கோட்டுக்குப் பதிலாக, தரையிலும் ஒட்டாமல் மேலேயும் ஏறாமல், எழுத்தின் பாதி உயரத்தில் நிற்கிற ஒரு புள்ளி வைப்பார். போர்டு வாங்கிப் போன ஒருத்தராவது அதைக் கவனித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். அவர் விட்டதில்லை. அவசரத்துக்கு அவள் கோடு போட்டுவிட்டால், வாசலில் ஆட்டோவே நின்றாலும் திருத்த வைத்துத்தான் கொடுப்பார். மகா பிடிவாதக்காரர்.

"இத அடிக்க வேண்டாம். நான் டைப் அடிச்சுத் தாரேன்" என்று உமா எழுந்தாள்.

மாடத்தி சித்தி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "பொட்டி பக்கத்துலருந்து நீ எந்திரிக்கக் கூடாதுட்டி. வந்திருக்கவங்கல்லாம் என்ன சொல்லுவாவ?"

புருஷன் இப்படிக் கிடக்கும்போது பெண்டாட்டி இடத்தை விட்டு நகர்கிற வழக்கம் இல்லை. அது உமாவுக்கும் தெரியும். ஸ்வாதியின் தலையை மெல்லத் தூக்கிச் சித்தியின் மடியில் வைத்துவிட்டு முன்னறைக்கு நடந்தாள். சண்முகநாதன் தடுக்கவில்லை. நீர்மாலை எடுக்கக் கிளம்புகிறோம், குடத்தில் தண்ணீரோடு திரும்பியதும் அண்ணனைக் குளிப்பாட்ட ஆரம்பித்துவிடுவோம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவளும் தலையாட்டினாள்.

ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற மெஷின் நாசருடையது. பென் டிரைவோடு வந்து அவனும் நின்றான். காலையில் ஈரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் இன்னும் அதே சட்டையில் இருந்தான். உட்காரச் சொன்னாள். அங்கே காலியாக இருந்தது லிங்கேஸ்வரனின் நாற்காலி ஒன்றுதான். அவன் நின்றுகொண்டான்.

பெயரை அடித்தாள். தயக்கமில்லாமல் வந்தது. எத்தனையோ பேருக்கு அடித்தது போலவே இதையும் அடிக்க முடிகிறதே என்று தன் விரல்கள் மேல் அவளுக்கு லேசாக வெறுப்பு வந்தது. பிறந்த தேதியை அடித்தாள். அதற்குப் பிறகு கை நின்றது.

அந்தப் புள்ளிக்குக் கீபோர்டில் தனிக் கட்டை கிடையாது. ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு ஒரு நம்பரை அடிக்க வேண்டும். டிகிரி அடையாளத்துக்கு ஒரு நம்பர், அரைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, சிலுவைக்கு ஒன்று. எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நீங்க இங்கனதான இருக்கீங்க, எனக்கு எதுக்கு நோட்டு என்பாள். அவள் கேட்பாள். எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் திரும்பாமலே நம்பரைச் சொல்வார்.

"ஏங்க, நடுப்புள்ளிக்கு எத்தன?"

சத்தமாகவே கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு, எப்போதும் போல, நம்பர் கட்டைகள் மேல் விரலை வைத்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். வெளியே தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நாசர் பென் டிரைவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். தான் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போதுதான் காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு வலித்தது.

"பழைய ஃபைல் எதுலருந்தாவது காப்பி எடுத்துருவோமாக்கா?" என்றான் நாசர்.

ஃபோல்டரைத் திறந்தாள். பெயர் பெயராக இறங்கியது. முருகம்மாள், பரமசிவன், இலத்தூர் இசக்கிமணி. எல்லோருக்கும் அவர் வைத்த புள்ளி இருந்தது. எடுத்து ஒட்ட ஒரு நொடி போதும்.

"அடுத்தவங்க போர்டுலருந்து வேண்டாம் நாசர்" என்று மூடினாள்.

அவன் செல்போனில் தேடினான். எழுத்து மங்கலாகத் தெரிந்தது போலும், இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வாசித்தான்.

"ஜீரோ, ஒன், எய்ட், த்ரீ."

அதேதான். கேட்டதும் தெரிந்துவிட்டது. எத்தனை வருஷம் கேட்ட எண். வேறொரு வாயிலிருந்து வந்ததும், அது இத்தனை நாளும் தன்னிடமே இருந்தது போலிருந்தது.

இடது கட்டைவிரலால் ஆல்ட் கீயை அமுக்கினாள். வலது கையால் நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஆல்டிலிருந்து விரலை எடுத்தால்தான் புள்ளி திரையில் விழும். அது விழுந்தால் அடுத்த தேதியை அடிக்க வேண்டும்.

தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டது. கொட்டு நெருங்கி வந்தது. சண்முகநாதன் ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் வைத்தபடி கடை வாசலில் நின்றான்.

"தண்ணி வந்துட்டு மைனி."

"இந்தா வாரேன்" என்றாள்.

"விரல எடுங்கக்கா, விழுந்திரும்" என்றான் நாசர் மெதுவாக.

திரையில் அவர் பிறந்த தேதி மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னியது. ஆல்ட் மேலிருந்த அவள் கட்டைவிரலின் நகம் அழுத்தத்தில் வெளுத்திருந்தது.