எங்கு நின்றாலும் தரை

உயரத்தைக் கண்டு நடுங்குகிற ஆளுக்கு ஒன்பதாவது மாடியில் வீடு கிடைத்தால் என்ன செய்வார்? என் வீட்டுக்காரர் லிஃப்டிலிருந்து இறங்கினார். நடைபாதைத் தடுப்புச் சுவருக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, வீட்டு வாசல்வரை தவழ்ந்தே வந்தார். வீட்டைக் காட்ட வந்த அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று.

“வேணாம் லா, சிவகாமி. தேக்காவுலயே இருந்துருவோம்.”

தேக்காவில் எங்களுக்கு ஒரே அறை. ஐந்து குடும்பத்துக்கு ஒரு சமையலறை, ஒரு கக்கூஸ். கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் அதில்தான் குப்பை கொட்டினேன். 1964இல் ஒருவழியாக அரசாங்கம் புது வீடு தருகிறது, இவர் வேண்டாம் என்கிறார். மாட்டேன் என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாளே அவரை அப்துல் கையூமிடம் இழுத்துப் போனேன்.

கையூம் பாய் தேக்கா சந்தைக்கு எதிரே, துணிக்கடை மாடியில் மனோவசிய சிகிச்சை செய்துவந்தார். திக்குவாய்க்காரர், கப்பலேறப் பயந்தவர், குடியை விட முடியாதவர் எல்லாரும் அவரிடம் போய்க் குணமானதாகப் பேச்சு. வசியம் என்றதும் நான் மை, எலுமிச்சம்பழம் என்று எதையோ எதிர்பார்த்துப் போனேன். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேசை விசிறி, அவருடைய குரல். அவ்வளவுதான்.

பத்தே நிமிடத்தில் என் வீட்டுக்காரரின் கை துவண்டு தொங்கியது. “எங்க நின்னாலும் உங்க காலுக்குக் கீழ தரை இருக்கு,” என்று பாய் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“தரை,” என்றார் இவர். அது இவர் குரலாகவே இல்லை. பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல இருந்தது.

பாய் என்னைப் பார்த்தார். “இப்ப நீங்கதான் எழுப்பணும். ரொம்பப் பழகின குரல் வேணும். பேரச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்க. அப்பதான் முழுசா வெளிய வருவார்.” மரியாதைக்காக வாசல் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

கட்டிய புருஷன் பேரையா? சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லியல்லவா என்னை வளர்த்தார்கள்? ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட அவருடைய அடையாள அட்டையைத்தான் நீட்டுவேன். திரையைப் பார்த்தேன். குனிந்து அவர் சட்டைக் கையை இழுத்து, “என்னங்க, எழுந்திரிங்க,” என்று கிசுகிசுத்தேன். கண்ணைத் திறந்தார்.

“பேரச் சொன்னீங்களா?” என்று பாய் கேட்டார்.

“சொல்லிட்டேன், பாய்.” பொய்தான்.

புது வீட்டுக்குக் குடிபோனோம். அவர் தடுப்புச் சுவரில் சாய்ந்துகொண்டு ரோட்டை வேடிக்கை பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் அவர் கண் சிமிட்டுவதே குறைந்திருப்பதைக் கவனித்தேன். கூப்பிட்டால் சற்றுத் தாமதித்துத் திரும்பினார். படியைப் பார்க்காமலே காலை வைத்து இறங்கினார். ஒருநாள் காலை தடுப்புச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ, விழுந்துருவீங்க!”

“எங்க விழறது? கீழதான் தரை இருக்கே,” என்றார். அதே பக்கத்து அறைக் குரல்.

அவரைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் பாயிடம் ஓடினேன். உண்மையைச் சொன்னேன். பாயின் முகம் வெளுத்துவிட்டது.

“அவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லம்மா. உடனே போங்க. போய்ப் பேரச் சொல்லுங்க.”

பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் பாதிதான் வந்தது. இறங்குவதற்குள் முழுதாக வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறை சன்னல் திறந்து கிடந்தது. சன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியில் நான் காயப்போட்ட சேலை காற்றில் நுனிக்கு நகர்ந்திருந்தது. அதை எடுக்க அவர் வெளியே இறங்கி, ஓரடி அகலச் சிமெண்டு விளிம்பில் நின்றிருந்தார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன நாக்கு பழகினதையே சொல்லிற்று.

“என்னங்க!”

சற்றுத் தாமதித்துத் திரும்பினார். “இதோ வரேன்,” என்று சிரித்தபடி, விளிம்பு முடிந்த இடத்தில் அடுத்த அடியை வைத்தார். கத்தவில்லை. அந்த முகத்தில் துளிகூடப் பயமில்லை.

கீழே, தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் நோட்டைத் திறந்தார். “உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

“வடிவேலு,” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது போதும். நான் நிறுத்தவில்லை. போர்த்தியிருந்த துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காது இருக்குமிடத்தில் குனிந்து, வடிவேலு, வடிவேலு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், பாய் சொல்லிக்கொடுத்தபடி.