கன்னத்தில் போட்ட ஊசி

வடக்கனந்தலில் எங்கள் தெரு மாடுகளுக்குக் காய்ச்சல் ஊசி, சத்து ஊசி எல்லாம் நான்தான் போடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

என் தங்கை ராதிகாவுக்குக் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது என்று முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து வெள்ளிக்கிழமை களமருதூர்க்காரர்கள் வருவதாக இருந்தது. அதற்குள் அவள் போனில் பார்த்து, கன்னத்தை உப்ப வைக்கிற ஊசி ஒன்றை வரவழைத்துவிட்டாள். டப்பாவில் கம்பெனி பெயர்கூட இல்லை. டாக்டர்தான் போட வேண்டும் என்று மட்டும் பொடி எழுத்தில் இருந்தது.

“மாட்டு ஊசி டப்பாலயும் அப்டித்தான் போட்டிருக்கும். நீ போடல, யக்கா?” என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இடது கன்னத்தில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே மூக்கோரம் வெளுத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்துவிட்டது. போலீஸ் கேஸாகிவிடுமோ என்ற பயத்தில், “குளவி கொட்டிடுச்சிங்க” என்றேன். டாக்டரம்மா அலர்ஜிக்கு ஊசி போட்டு, வெளியே உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

“யக்கா, இந்தக் கண்ணு மங்கலா தெரியுது.”

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஊசி விஷயத்தை உளறிக் கொட்டினேன்.

“யார் போட்டது?”

“நானே போட்டுக்கினேங்க” என்று ராதிகா முந்திக்கொண்டாள்.

“குத்தினதும் மருந்த ஏத்தறதுக்கு முன்னாடி சிரிஞ்சப் பின்னால இழுத்துப் பாத்தியா? உள்ள ரத்தம் வந்துச்சா? மருந்து ரத்தக் குழாய்ல போயிருந்தா கண்ணுக்கே ஆபத்து. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். சொல்லும்மா!”

ராதிகா விழித்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

“நான்தாங்க போட்டேன்” என்றேன். “இழுத்துப் பாத்தேன். ரத்தம் வந்துச்சு.”

“வந்தும் ஏம்மா ஏத்துன?”

“வலிக்குது, சீக்கிரம் முடின்னு கத்திக்கினு இருந்தா. மாடா இருந்தா உருவிட்டு வேற எடத்துல போட்டிருப்பேங்க.”

டாக்டரம்மா போனை எடுத்து ஆம்புலன்ஸ் கேட்டார். ராதிகா நன்றாகத் தெரிகிற கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் வந்ததை அதுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.