கூக்காலைத் தொடாத கோடு

1961ஆம் ஆண்டு மாசி பதினெட்டாம் தேதி விடிந்ததும் பூம்பாறையிலிருந்து கூக்காலுக்குக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. வழி தவறவில்லை, எங்கும் தங்கிவிடவும் இல்லை. மாப்பிள்ளை பொன்னுவேல், அவன் தகப்பனார் திருமலைச்சாமி, மேளக்காரர் உட்படப் பதினோரு பேரும் இரண்டு பொதிக்குதிரைகளும் நாள் தவறாமல் நடந்தார்கள். பாதை பத்து மைல். முதல் நாள் முடிவில் அதில் பாதி மிச்சமிருந்தது, இரண்டாம் நாள் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாம் நாள் கால் பங்கு. நாலாம் நாள் ஏரிக்கு அப்பால் மேட்டில் தலைகள் தெரிந்தன. பரிசத் தட்டோடு கிளம்பியவர்கள் பெண்வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பக் கூடாது, அவர்கள் கண்ணில் பட்ட நேரம் முதல் பெண்வீடுதான் சோறு போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அன்று மதியமே பெண்ணின் அப்பா ஆண்டிச்சாமி அண்டா நிறையச் சோறு அனுப்பினார்.

அவர்கள் வந்து சேராததற்குக் காரணம் அவர் மகள் சின்னத்தாயி. அட்டுவம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கி, கொடைக்கானலில் பள்ளி இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பொம்பளைப்பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு போதாதா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், சிறப்புக் கணக்கு வகுப்பில் பத்தொன்பது பையன்களுக்குப் பின்னால் ஒற்றை ஆளாகப் போய் உட்கார்ந்தவள். தை மாதம் சார்புகள் பாடம் நடந்தது. ஒன்றை x-ஆல் வகுத்தால் வரும் y: x பெருகப் பெருக y சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் ஒருநாளும் பூச்சியமாகாது. கட்டத்தாளில் வரைந்தால் அந்தக் கோடு அடியில் கிடக்கும் அச்சை நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது. அதன் பிடிவாதம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மாசியில் ஆண்டிச்சாமி வந்து, அத்தை மகனுக்குப் பேசியாயிற்று என்று அவளை ஊருக்குக் கூட்டிப்போனார். பரீட்சை பங்குனியில். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லி அழுதாள். "வாக்குக் குடுத்தாச்சு. பரீட்சையாம் பரீட்சை, சோலியப் பாரு" என்றார். அழுகையை நிறுத்திவிட்டுப் பூண்டுக் களத்தில் உட்கார்ந்து கட்டத்தாளை விரித்தாள். அச்சுக்குக் கூக்கால் என்றும், கோட்டுக்குப் பொன்னுவேல் மச்சான் வகையறா என்றும் பேர் எழுதினாள். சூனியம் என்று பிறகு பேசினார்கள். சூனியத்துக்கு எலுமிச்சம்பழமாவது வேண்டும். அவளிடம் இருந்தது பென்சிலும் அடிமட்டமும்தான்.

பங்குனியில் பரீட்சைக்குப் போக அவள் பையைத் தூக்கியபோது அவர்கள் மைலில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். "அவுகளத் தாண்டிப் போனேன்னா இந்த வாசல் உனக்கு இல்ல" என்றார் அப்பா.

"சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பரிசத் தட்டை ஏந்தி வந்த பொன்னுவேல் ஒதுங்கி வழிவிட்டான். மேளக்காரர் பழக்கதோஷத்தில் வாசித்தார்.

பரீட்சையில் கணக்கில் அவள்தான் முதல். மதுரையில் கல்லூரி, பிறகு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. எட்டு வருஷம் ஊர்ப்பக்கம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பாதையோரத்திலேயே பூண்டு போட்டு எடுத்தார்கள், குதிரைகள் குட்டி போட்டன, சோறும் தவறாமல் போனது. 1969 மாசியில் சின்னத்தாயி வந்து இறங்கியபோது, அவர்களுக்கும் ஆண்டிச்சாமியின் வாசலுக்கும் நடுவே பதினெட்டு அடி மிச்சமிருந்தது. அவள் அந்தப் பதினெட்டு அடிக்குள் போய் நின்றாள்.

பொன்னுவேலுக்குக் காதோரம் நரைத்திருந்தது. "என்னைக்குத்தான் புள்ள வந்து சேருவோம்?"

"சேர மாட்டீங்க மச்சான். கிட்டக்க வருவீங்க, அம்புட்டுதான்."

"அப்ப எங்கள என்னதான் செய்யச் சொல்ற?"

"கணக்கு முன்னாலதான மறிச்சிருக்கு. பின்னால உங்கள யாரு மறிச்சா?"

"ஏலே, திரும்புனா குலத்துக்கே ஆகாதுடா!" என்று திருமலைச்சாமி கத்தினார். பொன்னுவேல் அப்பாவைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான். வெரசாக நடந்து மதியச் சோற்றுக்குப் பூம்பாறை போய்ச் சேர்ந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் தலை மறையும்வரை ஆண்டிச்சாமி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகளிடம், "வெளிய என்னத்துக்கு நிக்கிற, கதவு தெறந்துதான கெடக்கு" என்றார்.

மற்ற பத்துப் பேரும் வழக்கத்தை விடவில்லை. காலையில் மேளச் சத்தம் கொஞ்சம் அதிகம் என்பதைத் தவிர ஊரில் யாருக்கும் குறையில்லை. லீவுக்கு வரும்போது சின்னத்தாயிதான் அவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறாள். அந்த மாசி கழிந்து வந்த இந்தச் சித்திரையில் அளந்தபோது மிச்சம் பதினேழே முக்கால் அடி இருந்தது.