ஏதென்ஸ் முறைத் திருவுளச்சீட்டு

கோசலா தன் வாயாலேயே கெட்டாள்.

கோயில் கிணற்றைத் தூர்த்து அந்த இடத்தில் கலியாண மண்டபம் கட்டப் போவதாகக் கோயில் சபைத் தலைவர் அப்புத்துரை அறிவித்திருந்தார். அனலைதீவின் அந்தப் பக்கத்தில் மற்றக் கிணறுகளெல்லாம் உவர். அவளும் இன்னும் பதினைந்து வீட்டுக்காரரும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பதினெட்டு வருடமாக அசையாத தலைவர் மாறினால்தான் கிணறு தப்பும்.

உயர்தர வகுப்புக்குக் கிரேக்க வரலாறு படிப்பிக்கிறவள், பொதுக்கூட்டத்தில் எழுந்தாள்.

"அண்ணை, பழைய ஏதென்சிலை பதவிக்கு ஆள் எடுத்தது குலுக்கித்தான். செல்வாக்குள்ள ஆக்களே திரும்பத் திரும்ப வரக்கூடாதெண்டு. நாங்களும் திருவுளச்சீட்டுப் போடுவம்."

"ரீச்சர் எங்களுக்கும் பாடம் எடுக்க வெளிக்கிட்டிட்டா!" பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. அப்புத்துரையும் சிரித்தார். "நல்ல யோசனை. ஐயரே எடுக்கட்டும்."

அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே அவள் விழித்திருக்க வேண்டும்.

உறுப்பினர் பதிவைப் பார்த்துச் சீட்டு எழுதினார்கள்.

"என்ரை பேர்?"

"உம்மடை அவர் மோசம்போனதோடை உறுப்புரிமையும் போயிட்டுது, பிள்ளை. பொம்பிளையளின்ரை பேர் போட ஏலாது," என்றார் அப்புத்துரை.

"தண்ணி அள்ள மட்டும் பொம்பிளை வேணும்," என்று முணுமுணுத்தாள் பக்கத்து வீட்டுச் செல்லாச்சி.

ஏதென்சிலும் பெண்களுக்கு இடமில்லைதான். அதை வகுப்பில் எத்தனை தரம் நிதானமாக விளக்கியிருக்கிறாள்! ஆனால் ஏதென்சில் குலுக்கலில் சேர்ந்தவை ஊரில் இருந்தவர்களின் பெயர்கள். இங்கே அறுபத்துநாலு சீட்டில் நாற்பதுக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயர்கள். அதை அவள் யோசிக்கவில்லை.

ஐயர் சீட்டைப் பிரித்தார். "நடராசா ரஜீபன்."

பாரிசுக்கு அழைப்பு எடுத்தார்கள். "அண்ணை, நான் வேலையிலை நிக்கிறன். எனக்குப் பதிலா நீங்களே பாருங்கோவன்," என்றது ஒலிபெருக்கி.

அப்புத்துரை சந்நிதியை நோக்கிக் கைகூப்பினார். "எல்லாம் அவன் சித்தம்."

"ரஜீபன் இஞ்சை தண்ணி குடிக்கிறேல்லையே!" என்றாள் கோசலா.

"நீர்தானே முறை சொன்னனீர்."

தன் எதிர்ப்பையாவது கூட்ட அறிக்கையில் எழுதச் சொன்னாள். உறுப்பினரல்லாதவரின் எதிர்ப்பை எழுத ஏலாதாம்.

திங்கட்கிழமை காலை கிணற்றைத் தூர்க்க உழவு இயந்திரம் ஒரு இழுவைப்பெட்டி நிறையக் கல்லோடு வந்து நின்றது. கோசலா கிணற்றுக்கட்டில் நின்றாள். கொண்டுவந்த தண்ணீர்க் கான்கள் எல்லாம் நிரம்பிவிட்டன.

"ரீச்சர், இன்னும் எத்தினை வாளி?" என்றான் கல்லைக் கொட்டக் காத்து நின்ற ஓட்டுநர் டெனிஸ்ரன்.

அவள் நிரம்பிய கானொன்றைச் செல்லாச்சியின் குடத்தில் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் வாளியை இறக்கினாள்.