நேற்றுப் பூசிய சுவர்

கொத்தனாருக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. பகலெல்லாம் வேலைத்தளத்தில் பூசிவிட்டு வந்து, நேற்றுச் சாயங்காலம் வாடகை வீட்டின் சமையலறைச் சுவரையும் பூசியதன் பலன். காலையில் அதே தோளில்தான் பீரோவைச் சுமந்து வண்டியில் ஏற்றினார். இப்போது வீட்டுக்குள் மிச்சம் இருந்தது அவரும் மனைவியும் கருவிப் பையும்தான். அந்தப் பையை மட்டும் அவள் வண்டிக்காரனை நம்பி விடமாட்டாள்.

மணி பத்தரை. பன்னிரண்டுக்குள் புது வீட்டுக்கு இரண்டு மாத வாடகையை முன்பணமாக வைக்க வேண்டும். தவறினால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்கள். கையில் சல்லிக்காசு கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் கொடுத்த மூன்று மாத முன்பணம் திரும்பி வந்தால்தான் உண்டு.

"ஏங்க, டார்ச்சு வருது," என்றாள் மனைவி.

வீட்டுக்காரருக்கு அவள் வைத்த பெயர் அது. பட்டப்பகலிலும் டார்ச் விளக்கோடுதான் வருவார். வந்தார். கதவு இடுக்கு, ஜன்னல் கொக்கி, கழிவறை மூலை என்று ஒன்று விடாமல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சமையலறைச் சுவருக்கு வந்ததும் வெளிச்சம் நின்றது. நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குப் புதுப் பூச்சு, ஈரம் காயாமல் கறுத்துக் கிடந்தது.

"என்ன கொத்தனாரே, இதை எப்ப உடைச்சீங்க?"

"உடைக்கல சார். உள்ள குழாய் ஒழுகி பூச்சு உப்பிப் போச்சு. நாலு தடவை உங்ககிட்ட சொன்னேனே."

"எங்கிட்டயா? எழுதிக் குடுத்தீங்களா?"

எழுதிக் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தாள் கொத்தனாருக்கு மனப்பாடம். குழாய் கெட்டால் செலவு வீட்டுக்காரருடையது. சுவரை உடைத்தால் குடியிருப்பவருடையது, முன்பணத்தில் கழியும்.

மனைவி நேற்றே தலைபாடாக அடித்துக்கொண்டாள். "அப்படியே விடுங்க. அந்த ஆளு கண்ணால பாக்கட்டும்." அவர் கேட்கவில்லை. நாளைக்கு வேறொரு கொத்தன் வந்து, இந்த வீட்டிலயா ஒரு கொத்தன் குடியிருந்தான் என்று காறித் துப்பிவிட்டால்? உப்பியதைக் கொத்தித் தள்ளி, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, வழவழவென்று பூசிவிட்டார். கையில் இருந்த சாட்சியைத் தான் பூசும் கரணையாலேயே மூடிவிட்டார்.

"மூணு மாசமும் இதுக்கே பத்தாது. பெரிய மனசு பண்ணி விடுறேன். சாவியக் குடுங்க," என்றார் வீட்டுக்காரர்.

தெருவில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"தொறந்து காட்டவா சார்?"

"காட்டுங்க. ஒண்ணும் இல்லைன்னா சுவர் முழுக்க உங்க தலையில."

மனைவி கருவிப் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினாள். முதல் அடியிலேயே தோளில் மின்னல் வெட்டியது. நேற்றைய வேலையை இன்று அவரே பெயர்த்தார். பாதி பெயர்ந்தபோதுதான் அந்த நினைப்பு வந்து கை நின்றது. ஒழுகும் குழாய்மேல் பூச்சு நிற்காதே என்று, சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கி அல்லவா மூடினார்! ஒழுகாது. சொட்டுக்கூட ஒழுகாது.

குழாய் தெரிந்தது. டார்ச் வெளிச்சம் கிட்டே வந்தது.

"எங்கய்யா தண்ணி? பிள்ளைக்குத் தொப்புள் கட்டின மாதிரி கட்டியிருக்கு. காஞ்சுபோயில்ல இருக்கு?"

"நல்ல குழாய்க்கு எவன் சார் கட்டுப் போடுவான்?"

"எனக்குத் தெரியாது. தண்ணியக் காட்டு."

கொத்தனார் பையிலிருந்து கம்பி முறுக்கும் குறட்டை எடுத்தார். கம்பியை ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிரித்தார். டியூப் விலகியதும் துருவேறிய ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வீட்டுக்காரர் சட்டையில் நேராக அடித்தது. டார்ச் கீழே விழுந்து அணைந்தது.

"கட்டு! கட்டுய்யா முதல்ல!"

"நல்லாப் பாத்துக்கங்க சார்," என்றாள் மனைவி. "அப்புறம் காஞ்சிருச்சுன்னு சொல்லக்கூடாது."

கொத்தனார் மறுபடி கட்டினார். வீட்டுக்காரர் சட்டையைப் பிழிந்தார், சுவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். கால்சட்டைப் பையிலிருந்து பண உறையை எடுத்து எண்ணினார். பாதியில் நிறுத்தினார்.

"குழாய் என்னோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா இப்ப சுவர் உடைஞ்சு கெடக்கே. ஒன்றரை மாசம் இந்தாங்க. மீதி, சுவர் சரியானதும்."

புது வீட்டுக்கும் அதே வாடகைதான், அரை மாதம் இன்னும் குறைந்தது. மணி பதினொன்று இருபது. சண்டை போட்டால் பன்னிரண்டு தாண்டிவிடும். வாசலில் வண்டி நிற்பதால் அவர்கள் அவசரம் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது.

"வாயால வேணாம் சார்," என்று மனைவி ஒப்பந்தத்தாளைத் திருப்பி நீட்டினாள். "எழுதுங்க. எழுதினாத்தான் சாவி."

நனைந்த கையோடு அவர் எழுதினார். கொத்தனார் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்: குடியிருந்தவருக்கு நான் தரவேண்டிய பாக்கி, ஒன்றரை மாத வாடகை. குறைகிற அரை மாதத்துக்குப் புது வீட்டில் இதைக் காட்டலாம் என்று தாளை மடித்துக் கருவிப் பையில் வைத்த மனைவி, சாவியை நீட்டினாள்.